தேரிக்காட்டுக்கு ஒரு வேன்

(நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீட்டுத் திண்ணை. மாப்பிள்ளை கையில் காகிதமும் பேனாவும். அத்தை மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார்.)

மாப்பிள்ளை: அத்தை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாலைவனம் பார்க்கப் போகிறோம்.

அத்தை: துபாய்க்கா? எனக்கு ரேஷன் கார்டைத் தவிர ஒரு காகிதமும் கிடையாதே.

மாப்பிள்ளை: திருச்செந்தூர் பக்கம், குதிரைமொழித் தேரி. செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகக் கிடக்கும். பனையும் முந்திரியும் விட்டால் வேறொன்றும் பெரிதாக இல்லை.

அத்தை: ஒன்றும் இல்லாததைப் பார்க்க வேனா? சிவப்பு மண் நம்ம முட்டத்திலேயே கிடக்கிறது. டவுன் பஸ்ஸில் எனக்கும் உங்கள் பெண்டாட்டிக்கும் டிக்கெட்கூட வேண்டாம்.

மாப்பிள்ளை: முட்டத்தில் இருப்பது கொசுறு. இது ஆயிரக்கணக்கான ஏக்கர். எப்படி வந்தது தெரியுமா? ஆனி, ஆடியில் நம்ம ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஒரு காற்று அடிக்கிறதே, முப்பந்தல் காற்றாலையெல்லாம் சுற்றுகிறதே, அந்தக் காற்றுதான் மலைக்கு அந்தப் பக்கத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டுபோய்க் கடலோரத்தில் குவித்தது. ஆயிரமாயிரம் வருஷத்து வேலை. மணலில் இரும்பு கலந்திருப்பதால்தான் அந்த நிறம்.

அத்தை: அப்போ காற்று நம்முடையது?

மாப்பிள்ளை: அப்படிச் சொல்ல முடியாது...

அத்தை: ஒரு லோடு செம்மண் இறக்க இப்போது என்ன வாடகை கேட்கிறான்! இத்தனை வருஷமும் சும்மா ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

மாப்பிள்ளை: (காகிதத்தைப் பார்த்து) விடியற்காலை ஐந்துக்குப் புறப்படுகிறோம். நேராகத் தேரி. வெயில் ஏறிவிட்டால் மணலில் கால் வைக்க முடியாது.

அத்தை: நேராகவா? உவரியில் சுயம்புலிங்கசுவாமியைத் தாண்டியா போவீர்கள்? அங்கேயே அந்தோணியார் கோயிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை: நான் இப்போதுதானே சொன்னேன்! அவளுக்கு எப்படித் தெரியும்?

அத்தை: நேற்றே உங்கள் மகன் தெரு முழுக்கச் சொல்லியாச்சு. அப்புறம் திருச்செந்தூர். நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு முருகனைக் கும்பிட வேண்டும்.

மாப்பிள்ளை: ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றால் மத்தியானம் ஆகிவிடுமே!

அத்தை: ஆகட்டும். சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி.

மாப்பிள்ளை: சாப்பாட்டுக்குக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும்தானே?

அத்தை: கோயிலுக்குப் போகிறோம். மீனா? புளிச்சோறு.

மாப்பிள்ளை: (பேனாவை மூடி) கோயிலுக்கு இல்லை அத்தை, பாலைவனத்துக்கு! எழுதியதில் தேரிக்கு மட்டும் இடமே இல்லை. உங்களுக்காகச் சொல்கிறேன், மேலப்புதுக்குடியில் தேரி மணலிலேயே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. பக்கத்தில் சுனையும் உண்டு.

அத்தை: (கிழங்கைக் கீழே போட்டு) என்னது, அய்யனாரா? மணலுக்குள் சுனையா? இதை முதலிலேயே சொல்லாமல் பாலைவனம், இரும்பு என்று கதை அளந்தீர்களே! வேன்காரனுக்கு போன் போடுங்கள், நாலு மணிக்கே வரச் சொல்லுங்கள். முதலில் அய்யனார், மற்றதெல்லாம் பிறகு.

மாப்பிள்ளை: (முகம் மலர்ந்து) அப்படியென்றால் மணல் மேட்டில் ஒரு மணி நேரம் நடக்கலாம்?

அத்தை: நீங்கள் நன்றாகப் பாருங்கள் மாப்பிள்ளை. நாங்கள் கும்பிட்டுவிட்டு வரும்வரை வெளியே நின்று எவ்வளவு மணல் வேண்டுமானாலும் பாருங்கள். பதினான்கு ஜோடி செருப்புக்கு எப்படியும் ஒரு ஆள் வேண்டும்.