கிணற்றை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயரின் ஸ்டோக் ரோ கிராமத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பள்ளிக்கூடம், கடை, பப் எல்லாம் விரிவாக வந்திருக்கிறது. சரி, மகாராஜா கிணற்றுக்கு மட்டும் ஒரே வரியா? அது சில்டர்ன் குன்றுகளின் சுண்ணாம்புப் பூமி. பெய்த மழை நிற்காமல் கீழே இறங்கிவிடும்; அதனால் அங்கே தண்ணீருக்குத் தட்டுப்பாடு. அந்தப் பக்கத்தில் தண்ணீர் குடித்ததற்காகப் பிள்ளையை அடித்த கதையை ரீட் என்ற ஆங்கில அதிகாரி சொல்ல, காசி மகாராஜா மனமிரங்கிப் பணம் கொடுத்து வெட்டவைத்த கிணறு. 1864-ல் திறந்தார்கள். ஆழம் 368 அடி, அகலமோ நாலே அடி. அத்தனையும் கையால் தோண்டியது! உள்ளே இறங்கி வெட்டியவரை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. மேலே குவிமாடம், வாளி இழுக்கும் இயந்திரத்தின் மேல் பொன்னிற யானை. பராமரிப்புச் செலவுக்கென்று பக்கத்திலேயே செர்ரித் தோப்பும் வைத்தார்கள். அந்த யானையின் படத்தையாவது போட்டிருக்கலாம்.