வரைபடத்தில் ஒரு கட்டம் குறைகிறது

இருபது ஆண்டுகளுக்கு முன் கோவையில் பம்பு மோட்டார் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே நடந்த ஒன்றை இத்தனை காலம் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மோட்டாரின் சுழலாத இரும்புப் பகுதியான ஸ்டேட்டரில் செம்புக் கம்பியை இறக்குவதற்கு முன், கம்பியின் மேல்பூச்சு இரும்பில் உரசிப் போய்விடாமல் இருக்க, ஸ்லாட் எனப்படும் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் லெதராய்டு என்ற கெட்டியான மின்காப்புத் தாள் ஒன்றைச் செருகுவார்கள். 24 ஸ்லாட் உள்ள ஸ்டேட்டருக்கு 24 தாள்கள். தாளின் இரண்டு ஓரங்களையும் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மடித்துவிட்டால்தான் அது ஸ்லாட்டை விட்டு நழுவாமல் நிற்கும். அந்த ஓரங்களை மடிப்பதற்கென்றே இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். காலை முதல் மாலை வரை எஃகு அளவுகோலைத் தாளின் மேல் அழுத்திப் பிடித்து, கட்டைவிரலால் மடித்துக்கொண்டே இருப்பார்கள். லெதராய்டு சாதாரணக் காகிதம் போல இணங்கிக் கொடுக்காது. மாலையில் பார்த்தால் நகத்தோரம் வெடித்து, அதன்மேல் துணிப்பட்டை சுற்றியிருக்கும்.

பராமரிப்புப் பிரிவில் ஐடிஐ படித்த ஃபிட்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைப்பவர். தையல் இயந்திரத்தில் ஊசிக்கு முன்னால் ‘ஃபோல்டர்’ என்ற சிறு தகட்டுக் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். துணி அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது ஓரம் தானாக மடிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன், ஷிப்ட் முடிந்த பிறகு, கழிவுத் தொட்டியில் கிடந்த பித்தளைத் தகட்டை வளைத்து அதேபோல ஒன்றைச் செய்தார். லெதராய்டுச் சுருளை அதற்குள் விட்டு இழுத்தால் தாள் நெளிந்தது, கிழிந்தது. துணிக்கு ஒத்துவருவது இதற்கு ஒத்துவரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் அந்த அக்காக்களில் மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, கொஞ்சம் மெதுவா மடிங்க, கையைப் பார்க்கோணும்” என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது. மடிப்பதற்கு முன் அந்த அக்கா அளவுகோலின் ஓரமாக நகத்தால் ஒரு கோடு இழுக்கிறார். பழக்கத்தில் வந்த அசைவு என்பதால், அப்படிச் செய்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அண்ணன் ஃபோல்டருக்கு முன்னால், ஓரம் மழுங்கிய இரண்டு சிறு வட்டத் தகடுகளைப் பொருத்தினார். அவை முதலில் தாளில் கோட்டை அழுத்தின, அதன் பிறகு ஃபோல்டர் மடித்தது. ராட்செட் என்ற பல்சக்கரம் சுருளை அளவாக நகர்த்த, கேம் என்ற மேடுள்ள சக்கரம் ஒன்று கத்தியை இறக்கித் துண்டு போட்டது. தூக்கிப் போட்டிருந்த ஒரு பழைய மோட்டார்தான் இத்தனையையும் ஓட்டியது. மூன்று மாத உழைப்பு. இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க மடித்ததை அது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டது.

ஆயுத பூஜை அன்று அந்த அண்ணனுக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு தூக்குப் போசியும் கொடுத்துக் கைதட்டினார்கள். பிறகு அந்த இயந்திரத்தை அளந்து வரைபடமாக்கும் வேலை என்னிடம் வந்தது. என் வரைபடத்தை வைத்து மேலும் மூன்று இயந்திரங்கள் செய்து நிறுவனத்தின் மற்ற கிளைகளுக்கு அனுப்பினார்கள். வேலையில் செய்த மேம்பாடுகளைக் காட்டும் கைசன் பலகையில் இயந்திரத்தின் அருகே மேலாளர் நிற்கும் புகைப்படம் ஏறியது. அக்காக்கள் இருவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதால், அடுத்த மாதமே ஒப்பந்தக்காரர் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வரைபடத்தின் வலது கீழ் மூலையில் பெயர்க் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர், தேதி என்று நான்கு. முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கண்டுபிடித்தவர் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. இல்லையே என்ற எண்ணம்கூட அன்று எனக்கு வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து மார்கரெட் நைட்டைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த வெற்றிடம் உறைத்தது. அவரும் ஒரு தொழிலாளிதான். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 1838-இல் பிறந்து, சிறுமியாகவே பருத்தி ஆலை வேலைக்குப் போனவர். 1860-களின் இறுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் காகிதப் பை செய்யும் கொலம்பியா என்ற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் இயந்திரம் செய்த பைகள் கடித உறை போலத் தட்டையாக இருந்தன. மளிகைச் சாமான் போட்டு நிமிர்த்தி வைக்கக்கூடிய, அடிப்பாகம் சதுரமாக விரியும் பைகளைக் கையால்தான் மடித்து ஒட்ட வேண்டியிருந்தது. அந்த மடிப்பையும் ஒட்டுதலையும் செய்யும் இயந்திரத்தை நைட் வடிவமைத்தார். முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்து ஓட்டிப் பார்த்தார். பிறகு பாஸ்டனில் ஒரு பட்டறையில் இரும்பில் செய்யக் கொடுத்தார். அங்கே அதைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர் தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கிக்கொண்டார்.

நைட் விடவில்லை. காப்புரிமை அலுவலகத்தில் வழக்காடினார். தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் மாதிரிகளையும் காட்டினார், வேலை நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களைச் சாட்சி சொல்ல வைத்தார், வென்றார். 1871-இல் 1,16,842 என்ற எண்ணுள்ள காப்புரிமை அவர் பெயரில் வந்தது. 1879-இல் அதை மேம்படுத்தி இன்னொன்றும் வாங்கினார். அந்த இரண்டாவது இயந்திரத்தின் மாதிரி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்னன் திருடினார் என்பதைவிட, வழக்காடுவதற்கு நைட்டிடம் காகிதங்கள் இருந்தன என்பதே என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. எந்த நாளில் எந்தப் பகுதி உருவானது என்று எழுதி வைத்திருந்தார், வரைந்தும் வைத்திருந்தார். எங்கள் அண்ணன் வரைந்ததெல்லாம் சாக்பீஸால் பட்டறைத் தரையில்தான். மறுநாள் காலை கூட்டிப் பெருக்கும்போது அது போய்விடும். காகிதத்தில் ஏறிய முதல் கோடு என்னுடையது; அதன் கீழே இருந்த பெயரும் என்னுடையது.

இதைச் சொன்னால் வழக்கமாக ஒரு மறுப்பு வரும். கம்பெனி இடத்தில், கம்பெனி இரும்பில், கம்பெனி சம்பளம் வாங்கியவர் செய்தது கம்பெனிக்குத்தானே சொந்தம் என்பார்கள். கருவி வடிவமைப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு பொறியாளரின் விஷயத்தில் அந்த வாதத்தை நான் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். பழுது பார்க்க வைத்த ஃபிட்டருக்கு அதே அளவுகோல் எப்படிப் பொருந்தும்? அவர் வாங்கிய சம்பளம் அறுந்த பெல்ட்டை மாற்றுவதற்கானது. அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகப் பார்த்து வருகின்றன. கண்டுபிடிப்பதற்காக அமர்த்தப்படாத தொழிலாளி, உரிமையை எழுதிக் கொடுக்காத வரை, காப்புரிமை அவருக்கே உரியது. முதலாளியின் நேரமும் பொருளும் அதில் சேர்ந்திருந்தால், அவர் பணம் தராமல் தன் தொழிலில் பயன்படுத்திக்கொள்ளலாம். ‘ஷாப் ரைட்’ என்று இதைச் சொல்கிறார்கள்.

ஜெர்மனி இன்னும் தெளிவாகச் செய்திருக்கிறது. அங்கே பணியாளர் கண்டுபிடிப்புகளுக்கென்றே 1957 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பணியாளர் தன் கண்டுபிடிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் அதை எடுத்துக்கொண்டால் நியாயமான ஈட்டுத்தொகை கொடுத்தாக வேண்டும். எவ்வளவு என்று கணக்கிடும் வழிகாட்டு நெறிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கண்டுபிடித்தவரின் பதவி எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவருடைய பங்கு அவ்வளவு கூடும். ஆய்வுத் துறைத் தலைவரிடம் எதிர்பார்க்கப்படுவதை ஃபிட்டரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே அவர் கொடுத்தது கடமைக்கு மேற்பட்டது என்பதே அதன் நியாயம். கூட்டிப் பெருக்குபவர் ஒன்றைக் கண்டுபிடித்தால், மேலாளர் கண்டுபிடித்ததைவிடப் பெரிய பங்கு அவருக்குக் கிடைக்கும் என்று ஒரு சமூகம் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், காப்புரிமையில் கண்டுபிடித்தவரின் பெயரைக் குறிப்பிட வழி செய்கிறது. பணியாளருக்கு ஈட்டுத்தொகை கொடுப்பதைப் பற்றி அதில் ஒரு விதியும் இல்லை. எல்லாம் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய நிறுவனங்களில் அந்தத் தாளில் உன் கண்டுபிடிப்பெல்லாம் எங்களுக்கே என்று ஒரு வரி இருக்கும். சிறிய பட்டறைகளில் தாளே இருக்காது. சிறு கண்டுபிடிப்புகளைக் காக்கும் தனி ஏற்பாடு ஜெர்மனியில் உண்டு, இங்கே அதுவும் இல்லை. ஆகவே காப்புரிமை வரை போகாத ஒரு தாள் மடிக்கும் இயந்திரத்துக்கு இந்தியாவில் சட்டப்படி தகப்பன் யாரும் கிடையாது.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு இயந்திரம் வந்ததால் முதல் ஆண்டில் எவ்வளவு கூலி மிச்சமானது என்பதை எந்த நிறுவனமும் ஒரே மாலையில் கணக்குப் போட்டுவிடும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு கண்டுபிடித்தவருக்குப் போகட்டும். அதற்கும் முன்னால், இயந்திரம் யாருடைய கைவேலையை எடுத்துக்கொண்டதோ அவர்களுக்கு அதே கூலியில் அதே கூரையின் கீழ் வேறு வேலை கிடைக்கட்டும். அந்த அக்காவின் நகம் இழுத்த கோடு இல்லையென்றால் அந்த இயந்திரமே இல்லை. தன் கையின் நுட்பத்தை ஒளிக்காமல் காட்டிக் கொடுத்தவரை, காட்டி முடித்ததும் வெளியே அனுப்பியதை எந்த இலாபக் கணக்கை வைத்தும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அதன் விளைவையும் நான் பார்த்தேன். கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில், கம்பிச் சுருளான காயிலை ஸ்லாட்டில் இறக்குவதற்கு ஒரு மூங்கில் பட்டையைச் சீவி வைத்துக்கொண்டு மற்றவர்களைவிட வேகமாக வேலை செய்த ஓர் அக்கா இருந்தார். மேற்பார்வையாளர் வரும்போதெல்லாம் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதற்கு, “அந்தப் புள்ளைகளுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல தம்பி” என்றார். யோசனைப் பெட்டி அதற்குப் பிறகு தூசி பிடித்துக் கிடந்தது. தொழிலாளிகளுக்கு அக்கறை இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மேலே இருந்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

இதை எழுதலாமா என்று கேட்க, போன வாரம் அந்த அண்ணனைக் கைபேசியில் அழைத்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். முதலில் செய்து கிழிந்துபோன அந்தப் பித்தளை ஃபோல்டர் இன்னும் வீட்டில் இருக்கிறதாம். “என்ர பேரு வேண்டாம் தம்பி. அந்த ரெண்டு அக்காவுக்கும் வேலை போனதை மட்டும் எழுதிப் போடுங்க. நான் அதைச் செஞ்சிருக்கக் கூடாதோன்னு இப்பவும் நினைக்கிறதுண்டு” என்றார். இருபது ஆண்டுகளாகப் பாராட்டுக்கு உரியவர் குற்ற உணர்வைச் சுமந்துகொண்டிருக்கிறார். சுமக்க வேண்டியவர்களுக்கு அது நினைவில்கூட இருக்காது.

நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் வரைபடத்தின் மூலையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ‘யோசனை’ என்று அதன் தலைப்பு. யாருடைய யோசனை, யாருடைய கைவேலையைப் பார்த்து உருவானது என்று இரண்டு வரி எழுத அதில் இடம் இருக்கிறது. நிர்வாகம் இன்னும் அதற்குப் பணம் எதையும் இணைக்கவில்லை. அதற்கான கோரிக்கையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வரைபடம் வரையும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கணினியில் இருக்கும் வார்ப்புருவைத் திறந்து அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.