80 சதவீதக் கோடு

கொரோனா ஊரடங்கில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு 1,000 ரூபாய் கொடுத்தது என்று ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. 2020-இல் வந்த அந்தத் தொகை 500, 500 என இரண்டு தவணை. அதுவும் ஏழைகளுக்கான மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டத்தில் ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கியவர்களுக்குத்தான். மாற்றுத்திறனாளி என்றால் 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் அண்ணனுக்கு இளம்பிள்ளை வாதம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 60 சதவீத ஊனம். காசிமேட்டில் வலை பின்னுகிறவர். படகுகள் கரையில் கிடந்த நாட்களில் வலை ஊசியை எண்ணெய் தடவித் துடைத்துத் துடைத்து வைப்பார். மிச்சம் 20 சதவீதத்துக்கு இன்னொரு காலையும் கேட்பார்களோ? ஜூனில் மாநில அரசு அறிவித்த 1,000 ரூபாய்க்கு அடையாள அட்டையே போதுமானதாக இருந்தது. ஆலையில் ஓய்வு பெற்று, தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியமாகச் சொற்பத் தொகை வாங்கும் அப்பாவோ இரண்டு பட்டியலிலும் இல்லை.