ஐஎஸ்ஓ ஃபைலைத் திறக்க எதற்கய்யா இன்னொரு மென்பொருள்?

2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது ஒரு சிடியையோ டிவிடியையோ அப்படியே ஒரே ஃபைலாக நகலெடுத்ததை, டபுள் கிளிக் செய்தால் போதும், புது டிவிடி டிரைவ் மாதிரி அதுவே வந்து நிற்கும். இத்தனை வருஷம் கழித்தும் "ஐஎஸ்ஓ திறக்கவில்லை" என்று யாராவது கேட்டால், ஏன் திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் "இந்த விர்ச்சுவல் டிரைவை (டிவிடி டிரைவ் மாதிரி நடிக்கும் மென்பொருளை) இறக்குங்கள்" என்கிறார்களே, பற்றிக்கொண்டு வருகிறது!

அந்த இலவச இன்ஸ்டாலர்கள் பலவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? டிக் அவர்களே போட்டு வைத்திருப்பார்கள். வேண்டாம் என்கிற பட்டன் கண்ணுக்கே தெரியாத சாம்பல் நிறத்தில் கிடக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டியவரின் பிரவுசரில் தேடுபொறி மாறிவிடும், கேட்காத ஆன்டிவைரஸ் வந்து உட்காரும். இது பச்சை ஏமாற்று வேலை. அதோடு, விர்ச்சுவல் டிரைவ் என்றால் கெர்னல் வரை, அதாவது விண்டோஸின் உள்மையம் வரை போகும் டிரைவர். அது சொதப்பினால் கம்ப்யூட்டரே நின்றுபோய் நீலத்திரைதான்.

டபுள் கிளிக் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் காரணம், ஃபைல்களைச் சுருக்கி விரிக்கும் 7-ஜிப்போ வின்ராரோ ஐஎஸ்ஓ-வைத் தன் பெயரில் எழுதிக்கொண்டதுதான். ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்'. முடிந்தது.

மைக்ரோசாஃப்ட் மட்டும் யோக்கியமா? "ஃபைல் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான சேமிப்பு முறை) டிரைவில் இருக்கிறதா, கம்ப்ரஸ் செய்த ஃபோல்டரில் இல்லையே என்று பாருங்கள்" என்று ஒரு பிழைச் செய்தி வரும். பார்த்தால் டிரைவ் என்டிஎஃப்எஸ்தான், கம்ப்ரஷனும் கிடையாது. டவுன்லோட் செய்த மென்பொருள் அந்த ஃபைலுக்கு 'ஸ்பார்ஸ்' (காலிப் பகுதிகளை டிஸ்கில் எழுதாமல் விடு என்ற) அடையாளம் போட்டிருக்கும், அதுதான் சிக்கல். அந்த வார்த்தை செய்தியில் எங்குமே இல்லை! பாவம், ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து 5 ஜிபியை மறுபடி இறக்குகிறார்கள். அதே ஃபைலை காப்பி செய்து பேஸ்ட் செய்தாலே பெரும்பாலும் நகல் மவுண்ட் ஆகிவிடும், அதாவது டிரைவாக வந்து நிற்கும்.

இதையெல்லாம்விட எரிச்சல், "பின் (.bin) ஃபைலை ஐஎஸ்ஓ என்று பெயர் மாற்றுங்கள்" என்ற அறிவுரை. ஐஎஸ்ஓ-வில் ஒரு செக்டர், அதாவது தரவு எழுதும் ஒரு துண்டு, 2048 பைட். சிடியிலிருந்து அப்படியே எடுத்த பின் ஃபைலில் 2352: ஒத்திசைவுக்கு 12, தலைப்புக்கு 4, தரவு 2048, பிழைதிருத்தத்துக்கு 288. சிடியின் அடையாளக் குறிப்பை விண்டோஸ் 16-வது செக்டரில், அதாவது 32768-வது பைட்டில் தேடும். பின் ஃபைலில் அது 37648-ல் இருக்கும். பெயரை மாற்றினால் பைட் இடம் மாறுமா? கூடவே வரும் க்யூ (.cue) ஃபைலையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். எந்த டிராக் எங்கே தொடங்குகிறது, எது தரவு, எது பாட்டு என்பது அதில்தானே இருக்கிறது! அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறந்து பாருங்கள். பின் ஃபைலின் பெயரை மாற்றியிருந்தால் அதிலும் மாற்றுங்கள். மவுண்ட் செய்யத் திறமூல வின்சிடிஎமு போதும். என்ஆர்ஜி, எம்டிஎஸ், சிசிடி என்ற மற்ற டிஸ்க் நகல் வகைகளெல்லாம் அதிலேயே திறக்கும்.

மவுண்ட் ஆன பிறகும் பழைய கேம் "சிடியைப் போடு" என்று நின்றால், அது சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டா என்று முதலில் பாருங்கள். அதற்கு வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10 ஏற்றுவதே இல்லை. 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் விண்டோஸ் 7, 8-லும் அதை முடக்கிவிட்டது. ஒரிஜினல் சிடியையே போட்டாலும் அந்த கேம் ஓடாது. அங்கே போய் "வேறு விர்ச்சுவல் டிரைவ் போட்டுப் பாருங்கள்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.