மூட்டுத் தேய்ந்தவர்கள் நடக்கக் கூடாதா?

“முழங்கால் தேய்ந்த முதியவர்கள் நடந்தால் மிச்சமும் தேய்ந்துவிடும், கதிரையை விட்டு எழும்பாதீர்கள்” என்ற குரல்பதிவு திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு.

மூட்டில் தேய்வது, எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. நடக்கையில் அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போதே மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. கதிரையிலேயே இருந்தால் தொடைத் தசை மெலிந்துவிடும். கோணேசர் கோவில் ஏற்றத்தில் மட்டும் கைபிடியைத் தேடியவர், பிறகு வீட்டு வாசற்படியிலேயே தடுமாறுவது இந்த மெலிவினாலும்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் மூட்டுத்தேய்வு பற்றிய தகவல் பக்கம் உடற்பயிற்சியை வலியுறுத்துகிறது. சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலோ, அதை எல்லா நோயாளிகளுக்குமே பரிந்துரைக்கிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதையும் நைஸ் மறைக்கவில்லை.

ஊன்றுகோலை, வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் (பலர் மாற்றியே பிடிக்கிறார்கள்). மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சல் கண்டாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, நடையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அந்தப் பதிவு உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.