அம்மா சரியாகத்தான் பேசினார்

அந்த 40 விநாடி வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாம்பனில் ஒரு போன் கடை வாசல். ஈரச் சேலையோடு ஒரு வயதான அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ஓகே கூகுள், மகளுக்குப் போன் போடு... ஓகே கூகுள், மகளுக்குப் போன் போடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பின்னால் சிரிப்புச் சத்தம். மூன்று நாளாக ஊர் குரூப்புகள் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேருக்கு அது யார் என்று நன்றாகவே தெரியும்.

அது என் அம்மா. அந்த மகள் நான்.

என் அம்மா சரியாகத்தான் பேசினார். இந்தப் பதிவில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக நீங்களும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பத்தானே போட்டுப் பார்க்கிறீர்கள்.

நடந்தது இதுதான். பத்து நாளாக அம்மா "ஓகே கூகுள்" என்று கூப்பிட்டால் போன் பதில் சொல்லவில்லை. கடையில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த தம்பி ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க பேசுற தமிழ் அதுக்குப் புரியலம்மா, கொஞ்சம் சுத்தமாப் பேசிப் பாருங்க" என்றிருக்கிறார். அப்புறம், "இல்லேன்னா சாஃப்ட்வேர்தான் ஏத்தணும், 400 ரூபா ஆகும், உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும்" என்று வேறு சொல்லியிருக்கிறார். உள்ளே இருப்பது அப்பாவின் கடைசிப் படங்கள். அம்மா பயந்துபோய்ப் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று சுத்தமாகப் பேசிப் பார்த்திருக்கிறார். நீங்கள் பார்த்துச் சிரித்தது அதைத்தான்.

சனிக்கிழமை மதுரையில் இருந்து வீட்டுக்குப் போனேன். அம்மா போனை என் மடியில் வைத்தார். "என் பேச்சு அதுக்கு வெளங்கலயாம் தாயி" என்றார். 60 வருஷமாக ஊரில் எல்லோருக்கும் விளங்கிய பேச்சு.

போன் ஒரு ஜிப் கவருக்குள் இருந்தது, அதன் மேல் கேரி பை, அதன் மேல் இரண்டு ரப்பர் பேண்டு. அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர், வள்ளத்தில் கொண்டுபோகிறார் அல்லவா, தண்ணீர் படக்கூடாதே. எல்லாவற்றையும் அவிழ்த்து, பவுச்சையும் கழற்றினேன். சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்குமே, அதுதான் மைக். அங்கே உப்புப் பூத்து வெள்ளையாக நின்றது. பழைய பல் பிரஷ்ஷை நன்றாகக் காயவைத்து மேலாகத் தட்டி எடுத்தேன் (ஊசி விட்டுக் குத்திவிடாதீர்கள், மைக்கே போய்விடும்). வாய்ஸ் ரெக்கார்டரில் அம்மாவைப் பேசச் சொல்லிக் கேட்டேன். கணீரென்று இருந்தது.

சரி, "ஓகே கூகுள்" சொல்லுங்கம்மா என்றேன். அசையவில்லை. யூடியூப் ஓடியது, அதனால் நெட் பிரச்சினை கிடையாது. கூகுள் ஆப்புக்கு மைக் அனுமதியும் இருந்தது. ஆண்ட்ராய்டு 12-ல் இருந்து, மேலிருந்து இழுக்கும் திரையில் மைக்கை மொத்தமாக அடைக்கிற ஒரு பட்டன் உண்டு, தெரியாமல் விரல் பட்டால் எல்லா ஆப்புக்கும் காது அடைத்துவிடும். அதுவும் திறந்துதான் இருந்தது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து கூகுள் அசிஸ்டன்ட்டை, அதாவது சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் அந்த ஆப்பை, நானே எழுப்பி அம்மாவிடம் நீட்டினேன்.

"மகளுக்குப் போன் போடு."

என் பைக்குள் போன் அடித்தது. முதல் தடவையிலேயே.

அம்மாவின் தமிழ் புரியவில்லை என்று சொன்னவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போன் சும்மா இருக்கும்போது அதற்குள் ஒரு சின்ன வேலைதான் ஓடிக்கொண்டிருக்கும்: "ஓகே கூகுள்", "ஹே கூகுள்" என்ற கூப்பாடு காதில் விழுகிறதா என்று பார்ப்பது. அது விழுந்து போன் எழுந்த பிறகுதான் நாம் என்ன சொல்கிறோம் என்று கவனிக்கவே ஆரம்பிக்கும். அம்மாவின் போன் எழவே இல்லை. பத்து நாளாக அவர் பேசிய தமிழில் ஒரு வார்த்தைகூட அதற்குள் போகவில்லை. போகாத தமிழ் எப்படிப் புரியாமல் போகும்? எழுப்பும் அந்த இரண்டு வார்த்தை தமிழே கிடையாது. செவிடன் காதில் சங்கு ஊதினால், சங்கின் மேலா தப்பு?

ஏன் எழவில்லை என்றால், இரண்டு காரணம். காலையில் தீவுப் பக்கம் போனால் மதியம்வரை சார்ஜ் நிற்க வேண்டும் என்று யாரோ பேட்டரி சேவரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது ஆனில் இருந்தால் கூப்பிடும் குரலைக் கேட்பது நின்றுபோகலாம். இன்னொன்று, குரலை மறுபடியும் பதிவு செய்யச் சொல்லிப் போனில் ஏதோ வந்தபோது, வீட்டில் இருந்த அக்கா மகன் தன் குரலைப் பதிந்து வைத்துவிட்டான். ஏழாம் வகுப்புப் பையனின் குரலுக்காகக் காத்திருக்கும் போன் பாட்டி கூப்பிட்டால் எப்படி எழும்? கூகுள் ஆப்பில் நம் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அசிஸ்டன்ட், வாய்ஸ் மேட்ச் என்று போனால் பழைய குரலை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதியலாம். அம்மா சொன்னார், பதிந்தது. மொத்தமே 25 நிமிடம். ஒரு படமும் அழியவில்லை.

"வட்டார வழக்கு அதுக்குப் புரியாதுதானே" என்று சிலர் வருவீர்கள். சரி, கச்சான் காற்று எப்போது இறங்கும் என்று கேட்டால் தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழில் பேசினால் எழுதிக் காட்டும் கூகுள் வசதி 2017-லேயே வந்துவிட்டது. 2024 ஜூனில் கூகுள் தன் ஏஐ உதவி ஆப்பான ஜெமினியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது ஒன்பது இந்திய மொழிகளில் தமிழும் ஒன்று. செய்தவர்களே தமிழ் கேட்கும் என்கிறார்கள். கேட்காது என்று சொல்ல நாம் யார்? அதுவும் பாம்பனில் பிறந்து, பாம்பன் தமிழ் பேசிக்கொண்டு?

"கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?" தாராளமாகப் பிழைக்கட்டும். பார்த்துக் கொடுத்ததற்கு 100 ரூபாய் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்போம்.

"படிக்காதவருக்கு எதற்கு இந்தப் போன், பட்டன் போன் போதாதா?" இதை எழுதியவர் எங்கள் தெருக்காரர். என் அம்மாவின் கையைப் பார்த்திருக்கிறீர்களா அண்ணே? பாசி எடுக்கும் கை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை மூழ்கிப் பிய்க்க வேண்டும். போகும் முன் பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக் கட்டுவார். அப்படியும் பாறை அறுக்கும். திரும்பி வந்து துணியை அவிழ்த்தால் விரல் நுனி வெளுத்து, சுருங்கி, கீறல் கீறலாக இருக்கும். அந்த விரலால் திரையைத் தொட்டால் ஒரு சமயம் எடுக்கும், ஒரு சமயம் எடுக்காது. கைரேகைப் பூட்டு திறக்காது. ரேஷன் கடையில் மெஷினில் வைத்தாலும் ரேகை விழாது, "நல்லா அமுக்குங்கம்மா, கையத் தொடச்சிட்டு வாங்கம்மா" என்பார்கள். அங்கேயும் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அங்கேயும் அம்மா மேல்தான் தப்பு.

எழுத்து தெரியாது, விரல் ஒத்துழைக்காது. மிச்சம் இருப்பது குரல். நாளைக்கு மழை உண்டா, காற்று எப்படி என்று போனிடம் அவராகவே கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் நாள், அதை என்னிடம் நான்கு தடவை சொன்னார். யாரிடமும் போய் நிற்காமல், யாரையும் பார்த்துச் சொல்லச் சொல்லாமல். சுத்தமாகப் பேசு என்று சொல்லி அதைத்தான் அவரிடம் இருந்து பிடுங்கப் பார்த்தீர்கள்.

"மகள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்" என்ற கமெண்ட்டையும் படித்தேன். அதற்கு 62 லைக். மதுரையில் நான் சுற்றுலாவுக்குப் போய் உட்காரவில்லை. அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடனை அடைத்துக்கொண்டிருக்கிறேன். 15 நாளைக்கு ஒரு தடவை வருகிறேன், தினமும் ராத்திரி பேசுகிறேன். இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மறைக்க விருப்பமில்லை. போன் கேட்கவில்லை என்று அம்மா முதல் வாரமே சொன்னார். நான் வேலை அவசரத்தில், "சத்தமாப் பேசுங்கம்மா, தெளிவாச் சொல்லுங்க" என்றுதான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கடைத் தம்பிக்கு முன்னால் அதைச் சொன்னது நான். அன்றைக்கே போனில் என்ன கோளாறு என்று பார்த்திருந்தால் அவர் அந்த வாசலில் போய் நின்றிருக்கவே மாட்டார். அம்மா சரியாகத்தான் பேசினார். நானும் கேட்கவில்லை.

வீடியோ எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். சிரிக்கிற குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், அந்தக் குரலைச் சின்னப் பிள்ளையில் இருந்து கேட்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மா கையால் சோறு வாங்கித் தின்றவன். பெயரை எழுதத்தான் இருந்தேன். "எழுதாத தாயி, அவுக அம்மா வருத்தப்படுவா" என்று அம்மா தடுத்துவிட்டார்.

அதனால் எழுதவில்லை. தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். இன்றைக்கு ராத்திரிக்குள் குரூப்பில் இருந்து அதை எடுத்துவிடு. நாளைக்கு வீட்டுப் பக்கம் வந்து அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டுப் போ.