இரண்டு வருஷ லீவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை கூட்டத்தில் அந்த ஓய்வுபெற்ற பொது மேலாளர் பேசிய காணொளி இந்நேரம் எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கும். "அருந்ததி அம்மா ஸ்டேட் பேங்க்ல பெருசா என்ன செஞ்சாங்க? பொம்பளைங்களுக்கு ரெண்டு வருஷம் லீவு விட்டாங்க" என்றார். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் என்னோடு ஒரே கிளையில் வேலை பார்த்த இருவரும் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அருந்ததி பட்டாச்சார்யா 1977-ல் ஸ்டேட் பேங்க்கில் புரபேஷனரி ஆபீசராக, அதாவது பயிற்சி நிலை அதிகாரியாகச் சேர்ந்தவர். படித்தது ஆங்கில இலக்கியம். 2013-ல் அந்த வங்கியின் முதல் பெண் தலைவரானார். அடுத்த நான்கு வருஷம் என்ன பாடு என்று கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். 2015-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகள் கொடுத்த கடன்களின் உண்மை நிலையைத் தோண்டிப் பார்க்கும் சொத்துத் தர ஆய்வைத் தொடங்கியதும், புதுப்பித்துப் புதுப்பித்து மூடி வைத்திருந்த கடன்கள் வாராக்கடனாக வெளியே வந்தன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017 ஏப்ரல் 1-ல் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் ஸ்டேட் பேங்க்கோடு இணைந்தன. மேடையில் பேசிய சார் இதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை, லீவைத்தான் பிடித்துக்கொண்டார்.

சரி, லீவைப் பற்றியே பேசுவோம். குழந்தை பிறக்கும்போது, பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதும்போது, வீட்டில் பெரியவர்கள் படுக்கையில் விழும்போது பெண்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அருந்ததி அம்மா பார்த்தது. வேலையை விடாமல் லீவில் போய்த் திரும்பி வரட்டும் என்றுதான் அந்த இரண்டு வருஷம். மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் தானே ஒரு கட்டத்தில் ராஜினாமா பற்றி யோசித்ததாகவும் சொல்லியிருக்கிறார். பதினைந்து இருபது வருஷம் வங்கிப் பணத்தில் பயிற்சி கொடுத்து, கடனின் நெளிவுசுளிவெல்லாம் கற்றுக்கொண்ட ஆளை இரண்டு வருஷப் பிரச்சினைக்காக ஒரேயடியாக இழப்பது வங்கிக்குத்தான் நஷ்டம். லீவு கொடுத்துத் திரும்ப வரவைத்தால் வங்கிக்குத்தான் லாபம். கடனுக்கு வட்டி போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் புரியவில்லை?

எங்கள் கிளையில் அட்வான்சஸ், அதாவது கடன் பிரிவு பார்த்த அக்கா ஒருவர் இருந்தார். ஒரு அரிசி ஆலைக்காரர் கடன் லிமிட்டை ஏற்றிக் கேட்டு வந்தார். சரக்கு இருப்பைக் காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அமர்க்களமாக இருந்தது. இரண்டு ஷிப்ட் ஓடுகிறது, குடோன் நிறைய நெல். மேனேஜர் கையெழுத்துப் போட பேனாவைத் திறந்துவிட்டார். அக்கா மட்டும், "கரண்ட் பில் கொண்டு வாங்கண்ணே" என்றார். ஆறு மாத பில்லை மேஜையில் வரிசையாக வைத்து, யூனிட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒரு ஷிப்டுக்குக்கூடப் பத்தாது. "மெஷின் ஓடாம அரிசி எப்படிண்ணே வந்துச்சு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஃபைல் திரும்பிப் போனது.

2001-ல் வந்த வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டத்தில் அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார். மாமியாருக்குப் பக்கவாதம், பெண் பிளஸ் டூ. டிரான்ஸ்பர் ஆர்டரோ வேறு மாநிலத்துக்கு. ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். "ரூல் இல்லம்மா" என்று பதில் வந்தது. அவர் போனபிறகு அதே ஆலைக்காரருக்கு லிமிட் ஏறியது. பிறகு அந்தக் கணக்கு வாராக்கடனில் போய் நின்றது. அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? இரண்டு வருஷ லீவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும்.

"அவங்களுக்கு வசதி இருந்துச்சு, கணவர் ஐ.ஐ.டி. பேராசிரியர், சாதாரணப் பெண்களோட ஒப்பிடாதீங்க" என்று இன்பாக்ஸில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வசதி இருந்தவருக்கே ராஜினாமா யோசனை வந்தது என்றால், கூட்டுக்குடும்பத்தில் அஞ்சு மணிக்கு அடுப்பு மூட்டி, எட்டரை பஸ்ஸைப் பிடித்து வந்த எங்கள் நிலைமை என்ன? நான் பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். என்னைப் போல எழுதிக் கொடுத்தவர்கள் ஒவ்வொரு கிளையிலும் இருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, பொம்பளைகளுக்கு மேலே வர ஆசையில்லை என்றார்கள். எங்களுக்கு ஆசை இருந்தது ஐயா. இன்றைக்கும் அது வலிக்கிறது.

"அவங்க லீவுல போனா எங்க தலையிலதானே வேலை விழும்" என்ற ஆண் நண்பர்களின் ஆதங்கம் நியாயம்தான். அதற்கு ஆள் எடுக்கச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

அருந்ததி அம்மா சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு இல்லை. 2017 மார்ச்சில் விவசாயக் கடன் தள்ளுபடி கடன் ஒழுங்கைக் கெடுக்கும் என்றார். அதே மாதம் நம் டெல்டா விவசாயிகள் கடன் தள்ளுபடி கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கம்பெனிகளின் ஆயிரம் ஆயிரம் கோடிக் கடனை இனி வராது என்று எழுதித் தள்ளிய காலத்தில், ஒழுங்குப் பாடம் விவசாயிக்கு மட்டுமா என்று அன்றைக்கே கோபப்பட்டேன். ஒரு வங்கித் தலைவரோடு சண்டை போடுவதென்றால் இப்படிக் கடன் கொள்கையில் போடவேண்டும். லீவைச் சொல்லிச் சிரிப்பதை விமர்சனமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நம் சென்னையிலேயே நடந்ததை மறந்துவிட்டீர்களா? 1907-ல் இங்கே தொடங்கிய இந்தியன் வங்கி தொண்ணூறுகளில் நஷ்டத்தில் மூழ்கியது. 1999-ல் ரிசர்வ் வங்கி அமைத்த வர்மா குழு அதைப் பலவீனமான வங்கிகளின் பட்டியலில் வைத்தது. 2000-ல் தலைமைக்கு வந்தவர் ரஞ்சனா குமார். 2001-02-ல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. பொம்பளை வந்து என்ன கிழிக்கப் போகிறார் என்று அப்போதும் பேசினார்கள்.

நாட்டு வளர்ச்சி என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 41.7 சதவீதம். அதிலும் சொந்த வயலிலும் வீட்டுத் தொழிலிலும் கூலியில்லாமல் உழைப்பவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட நாட்டில், படித்து, பரீட்சை எழுதி, மாதச் சம்பளத்துக்கு வந்த பெண்ணைக்கூடத் தக்கவைக்க மாட்டோம் என்றால் வளர்ச்சி எங்கிருந்து வரும்?

வங்கி ஊழியர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வங்கியில் இந்த மாதிரி விடுப்பு இருந்தால், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, திரும்பி வந்தபிறகு பழைய பொறுப்பைக் கொடுத்தார்களா, ஓரமாக உட்கார வைத்தார்களா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுப்பே இல்லை என்றால் நிர்வாகமும் சங்கமும் போடும் அடுத்த இருதரப்பு ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். முன்வரிசையில் சிரித்த அந்த இருவரும் சங்கத்தில்தான் இருக்கிறார்கள். முதல் கையெழுத்தை அவர்களிடம் வாங்குங்கள்.